தெய்வானைக்கு டிக்கெட் இல்லை

ஆயர் ஈத்தாம் போகும் காலை டிராமில் ஒரு பெண் தினமும் டிக்கெட் எடுக்காமல் போகிறாள், கண்டக்டரும் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறான் என்று ஆபீசுக்குப் புகார் வந்திருந்தது.

விசாரிக்கப் புறப்பட்டவர் செக்கர் ஆரோக்கியநாதன். புக்கிட் மெர்தாஜாம் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்துவிட்டு, பினாங்கு டிராமுக்கு அப்போதுதான் மாறி வந்திருந்தார். டிக்கெட் இல்லாமல் வந்த சொந்த மச்சானையே நடு வழியில் இறக்கிவிட்டவர் என்று அவருக்குப் பேர்.

அன்றைக்கு யூனிபாரம் போடவில்லை. வேட்டி, சட்டை, கையில் குடை, தோளில் பை. டிராம் புறப்படும் படகுத்துறையிலேயே ஏறி ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

டத்தோ கிராமாட் ரோட்டில் அந்தப் பெண் ஏறினாள். பேர் தெய்வானை. வெறும் நெற்றி, தலையில் ஆப்பக்கூடை. பாசார் சந்தையில் விற்கப் போகிறாள் போலிருந்தது. ஏறியதும் ஒரு சீனக் கிழவர் நகர்ந்து இடம் கொடுத்தார். இன்னொருவர் கூடையை வாங்கிக் கீழே வைத்தார். எல்லாரும் அவளிடம் சிரித்துப் பேசினார்கள்.

கண்டக்டர் சீனி முகம்மது ஒவ்வொருவராக டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தான். அவளிடம் வந்ததும் சலாம் ஒன்று வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

ஆரோக்கியநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒளிந்து மறைந்து செய்தால்கூடப் பரவாயில்லை, வண்டியே பார்த்துக்கொண்டிருக்கப் பட்டப்பகலில் இப்படியா? எழுந்து, பையிலிருந்து செக்கர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"உன் டிக்கெட் எங்கம்மா?"

தெய்வானை பதறவில்லை. தனக்கு டிக்கெட் வேண்டாம் என்று ஆபீசில் உத்தரவு போட்டிருப்பதாகச் சொன்னாள்.

அப்படி ஓர் உத்தரவை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தார். சீனி முகம்மதுவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. இன்றோடு இவன் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்குப் பின் பெஞ்சில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். பினாங்கு ஸ்திரீட் செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் கணக்கெழுதி, காலையில் ஆயர் ஈத்தாம் பக்கம் வசூலுக்குப் போகும் நாச்சியப்பன். அவர் கையில் இரண்டு டிக்கெட் இருந்தது. ஒன்று இவளுக்கு என்பதுபோல் தெய்வானையின் முதுகுப் பக்கம் நீட்டிக் காட்டி, வாயில் விரலை வைத்து, பின்னால் வரும்படி கண்ணால் கூப்பிட்டார்.

ஆரோக்கியநாதன் ஒன்றும் புரியாமல் கண்டக்டர் நிற்கும் பின்படிக்குப் போனார். டிராம் போட்ட சத்தத்தில் அங்கே பேசுவது முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது.

நாச்சியப்பன் காதோரமாகச் சொன்னார். தெய்வானையின் புருஷன் இதே வண்டியில் டிரைவராக இருந்தவன். போன வருஷம், பலகை ஏற்றிய வண்டி ஒன்று மாடு மிரண்டு தண்டவாளத்தில் வந்து விழுந்தது. குதிக்கச் சொல்லி எல்லாரும் கத்தினார்கள். அவன் குதிக்கவில்லை. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டியில் இருந்த யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவன் ஒருவன்தான் போய்ச் சேர்ந்தான்.

"அன்னிக்கு வண்டியில இருந்தவங்கதான் ஐயா நாங்க எல்லாம். ஆளுக்கு ஒரு நாள் முறை வச்சு டிக்கெட் எடுக்குறோம். நாங்க எடுக்குறோம்னு சொன்னா அந்தப் புள்ள ஏறாது, நடந்தே போயிடும்லா. அதான் ஆபீஸ் உத்தரவுன்னு சொல்லி வச்சிருக்கோம்."

சீனி முகம்மது தலையைக் குனிந்துகொண்டு நின்றான். உத்தரவு என்று அவளிடம் முதன்முதலில் போய்ச் சொன்னவனே அவன்தானாம்.

உத்தியோகத்தில் ஆரோக்கியநாதன் பொய் சொன்னதே கிடையாது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தெய்வானையிடம் திரும்பி வந்தார்.

தான் புதிது என்றும், உத்தரவு இருப்பது இப்போதுதான் தெரிந்தது என்றும், மனதில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சீனக் கிழவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நாச்சியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டியில் மறுபடி பேச்சுச் சத்தம் கிளம்பியது.

ஆயர் ஈத்தாம் வந்ததும் எல்லாரும் இறங்கிப் போனார்கள். ஆரோக்கியநாதன் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். மனசு லேசாக இருந்தது. ஆபீசுக்குப் போய், புகாரில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

தெய்வானை நகரவில்லை. மற்றவர்கள் தூரம் போகும் வரை பார்த்திருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"அப்படி உத்தரவே இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும் அண்ணே, நன்றி சொல்லலாம்னு ஆபீசுக்கே போயிருந்தேன். எங்க வீட்டுக்காரர் போன பிறகு என்னைக் கண்டாலே தலையக் குனிஞ்சுக்கிட்டவங்க, இந்த டிக்கெட்ட எடுக்க ஆரம்பிச்ச பிறகுதான் என் முகத்தப் பார்த்துச் சிரிக்கிறாங்க. எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."