சடகோபன் சார் தின்ற விரால்

புஸ்ஸென்று ஒரு சத்தம். அப்புறம் 'டப்' என்று எதுவோ வெடித்தது.

"யாருதுப்பா அது? உருளைக்கெழங்க ஓட்டை போடாம கட்டிட்டியா?" புகைக்குள்ளிருந்து பரசுராமன் கத்தினான்.

பூண்டி ஏரிக்கரை. வேலமரத்தடியில் இரண்டு கூடாரம். எழுபத்து மூன்றாம் வருஷம். அலுமினியத் தாள் செய்யும் கம்பெனி ஒன்று, தன் தீயணைப்புக் குழுவை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது.

"சட்டி பானை தூக்கிண்டு வரப்படாது" என்று சூப்பர்வைசர் சடகோபன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கம்பெனியில் கழித்துப்போட்ட தாளில் ஆளுக்கு ஒரு துண்டு. வீட்டிலிருந்து கொண்டு வந்ததை மசாலா தடவி அதில் வைத்து மடித்து, ஓரத்தை இறுக்கித் தணலில் தள்ளினால் சமையல் முடிந்தது. தாளிலேயே சாப்பிடலாம். தேய்க்கிற வேலை மிச்சம்.

சடகோபனின் பொட்டலம் மட்டும் தனித் தணலில், தள்ளி இருந்தது. மீன் வாடை படக்கூடாதே! அவர் அண்ணா திருவள்ளூர் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்கிறவர். பெண்ணுக்கும் ஒரு கோயில் குடும்பத்தில்தான் சம்பந்தம் முடிவாகியிருந்தது. தை மாதம் கல்யாணம். கம்பெனி கேன்டீனில் அவர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

ஆனாலும் நீளக் குச்சியால் எல்லோருடைய பொட்டலத்தையும் அவர்தான் திருப்பிவிட்டுக் கொண்டிருந்தார்.

"மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினே மீன இந்தாண்ட திருப்புறாரு பாரு" என்று குப்புராஜ் சிரித்தான்.

"வெந்துடுத்து. எடுங்கோ."

ஆணியால் பேர் கீறிய பொட்டலங்கள் மணலுக்கு வந்தன. இருப்பதில் பெரியது தணிகாசலத்தினுடையது. தினக்கூலி ஆள். "முழு விரால் மீனு" என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம். மத்தியானச் சாப்பாட்டில் எவனும் தன் டப்பாவைத் தானே தின்பதில்லை. மாற்றிக்கொள்வார்கள். பரசுராமன் எழுந்தான்.

"தணிகா பொட்டலம் இன்னிக்கி எனக்கு. விரால் துன்னு எவ்ளோ நாளாச்சி!"

"வோணாம்ணா. சரியா வேவல."

"வேவாட்டி இன்னா? பச்சையாவே துன்றேன். வுடு நைனா!"

பரசுராமன் கை நீட்டுவதற்குள் இன்னொரு கை பொட்டலத்தைத் தூக்கிவிட்டது. சடகோபனின் கை.

"இது எனக்கு" என்றார்.



"சார்... அது மீனு சார்." தணிகாசலம் பதறி எழுந்தான்.

"தெரியும். ரொம்ப நாளா ஓர் ஆசை. என்னோடதை நீ எடுத்துக்கோ. உருளைக்கிழங்கு, தேங்காய், மிளகு. நன்னாயிருக்கும்."

பொட்டலத்தை மேல்துண்டில் சுற்றிக்கொண்டு, கரையோரப் பாறைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம்.

"நாமத்தப் பாத்து நம்பினோமேப்பா!"

"துன்னட்டும். அதுக்குன்னு கூலிக்காரன் சோத்துலயா கை வெக்கிறது? எங்கிட்ட கேட்டிருந்தா ஒரு துண்டு குடுத்திருக்க மாட்டேன்?" என்றான் குப்புராஜ்.

"நானும் அதே திருவள்ளூருதான். நாளைக்கே தேரடி டீக்கடையில எடுத்து வுடறேன். மாப்பிள்ளை ஊட்டுக்காரன் அப்பறம் வாசப்படி ஏர்றானா பாப்போம்" என்றான் பரசுராமன்.

தணிகாசலம் எதிலும் சேரவில்லை. குனிந்த தலை நிமிராமல் தின்றான். கடைசியில் தாளை விரலால் வழித்தான்.

சடகோபன் வாயைத் துடைத்தபடி திரும்பி வந்தார்.

"எப்டி சார் விராலு?"

"ருசிதான். முள்ளுதான் ஜாஸ்தி."

"விரால்ல ஏது சார் அவ்ளோ முள்ளு? மொத தபா இல்ல? நடு எலும்பையும் சேத்துக் கடிச்சிட்டாரு!"

ஏரிக்கரை அதிரச் சிரிப்பு. சடகோபனும் லேசாகச் சிரித்தார். வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனார்.

கூட்டம் கயிறு ஏறும் பயிற்சிக்குக் கிளம்பியது. தணிகாசலம் மட்டும் தண்ணீர்ப் பக்கம் ஓடினான்.

"சார், பரசுராமண்ணன் ஊரெல்லாம் சொல்லப் போறாரு சார். பொண்ணு கல்யாணம் நின்னுடும். நான் போயி உண்மையச் சொல்லிடறேன்."

சடகோபன் வாளியைக் கீழே வைத்தார்.

"என்னன்னு சொல்லுவே? ஜல்லிக்கல்லைத் தாள்ல சுத்திச் சுட்டேன்னா?"

தணிகாசலம் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"குச்சியால திருப்பறச்சேயே தெரிஞ்சுடுத்து. மெஷின் ரிப்பேர்னு உங்களுக்கெல்லாம் பத்து நாளா வேலையில்லை. முகாமுக்கு வராட்டா குழுவிலேந்து பேரை எடுத்துடுவா. வெறுங்கையோட வர வெட்கம். வேற என்ன பண்ணுவே நீ?"

"நீங்க சாப்பிடவேயில்லையே சார்..."

"இன்னிக்கு ஏகாதசின்னு வெச்சுக்கோ."

"கல்யாணம் சார்?"

"என் பெண். நான் பார்த்துக்கறேன். நீ வாயைத் திறக்காதே."

தணிகாசலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார் சடகோபன். "கல்லைத்தானே கட்டினே? கத்திரிக்காய்னு சொல்லித் தொலைச்சிருக்கப்படாதோ?"

வாளியை மறுபடி எடுத்துத் தண்ணீரை மொண்டு, தணலை அணைக்க நடந்தார்.