கயிறு பிடிக்கிற ஆள்

கீழக்கரைக் கடலில் காலை வெயில் பாலாகப் பரந்து கிடக்கிறது. சங்கு குளிக்க ஆள் எடுக்கும் ஏஜெண்டு ராமசுப்பிரமணியன் முழங்கால் தண்ணீரில் ஒப்பந்தத் தாளோடு நிற்கிறார். குளியாளி சீனி இபுறாகிம் நிற்பது கழுத்தளவில். கரையில் யோசித்தால் மூளை காய்ந்துவிடுமாம்; ஒவ்வொரு ஷரத்துக்கும் மூழ்கி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். இரண்டாவதற்கு மூழ்கியவர் எழுவதற்குள், காலையில் மழித்த ஏஜெண்டின் முகவாயில் தாடி எட்டிப் பார்க்கிறது. “மூணாவது, படகுல கயிறு பிடிக்க எங்க ஆளு வருவாரு.” இதற்கு மட்டும் இபுறாகிம் மூழ்கவில்லை. அடியிலிருந்து அவர் கயிற்றை அசைத்ததும் மேலே படகில் இருப்பவன் இழுத்தால்தான் உயிர். இருபது வருஷமாக அந்தக் கயிறு அவர் மனைவியின் தம்பி லெப்பைத்தம்பி கையில்தான் இருக்கிறது. “உங்க ஆளுக்குத் தங்கச்சி இருக்காளா?” “இருக்கா. எதுக்கு?” “எனக்கு நிக்காஹ் பண்ணி வைங்க. கூடப்பெறந்தவ கைம்பொண்டாயிருவாளேன்னு பதறுறவன்தான் எனக்குக் கயிறு பிடிக்கணும்.” ஏஜெண்டின் பின்னால் நிற்கும் லெப்பைத்தம்பி, மறுமுனை இபுறாகிமின் இடுப்பில் கட்டியிருக்கும் கயிற்றுச் சுருளைத் தோள் மாற்றிக்கொள்கிறான். “தாராளமாப் பண்ணுங்க மச்சான். அன்னைக்கே நான் கயித்த விட்டுருறேன்.” ஏஜெண்டு அந்த வரியை அடிக்கிறார். ஒரு சொட்டு மை கடலில் விழுந்து மேகமாக விரிகிறது. நாலாவதைப் படித்ததும் இபுறாகிம் மூழ்குகிறார். கழுத்தளவுத் தண்ணீர்தான், ஆனாலும் லெப்பைத்தம்பி கயிற்றை விரலிடுக்கில் விட்டபடி, கண்ணிமைக்காமல் நிற்கிறான்.