பழைய வீடியோவில் பவளம்

2019-இல் எடுத்த வீடியோவில் பவளம் வளர்ந்துகொண்டிருப்பதை மதுமதி செவ்வாய்க்கிழமை கவனித்தாள்.

ஜெர்மனியின் ஆஹென் நகரில் அவள் வேலை பார்க்கும் சிறு நிறுவனம், கடலடி வீடியோக்களில் உள்ள பவளங்களை மென்பொருளால் எண்ணிக் கொடுக்கும். இந்த வீடியோவில் இருந்தது அட்லாண்டிக்கில் அறுநூறு மீட்டர் ஆழத்திலுள்ள ஒரு மேடு. பவளம் இல்லையென்றால்தான் அங்கே கடல்தரையை வாரி மீன்பிடிக்கும் இழுவலை போட அனுமதி கிடைக்கும். முப்பத்தேழு இருந்தன.

"முப்பத்தேழெல்லாம் ஒரு கணக்கா? ஜீரோ போடு மது," என்றான் மேலாளர் பிரதாப். "உன் கான்ட்ராக்ட் வேற ரினியூவல்ல இருக்கு."

"வலை ஒரு தடவை போனா எதுவும் மிஞ்சாது பிரதாப். நான் போட மாட்டேன்."

"அப்ப பவளத்துக்கிட்டயே சம்பளம் வாங்கிக்க."

வருஷத்துக்குச் சில மில்லிமீட்டரே வளரும் இனம் அது. புதனன்று ஒரு முழம் உயர்ந்திருந்தது. வியாழனன்று கிளைகள் ஒன்றையொன்று தொட்டன. மதுமதிக்குப் பயத்தைவிட நிம்மதிதான் அதிகம். இனி எவனாலும் இல்லையென்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலை திரையில் சேறும் தெரியவில்லை, நீரும் தெரியவில்லை. விளிம்புக்கு விளிம்பு வெள்ளைக் கிளைகள். பிரதாப் அவள் தோளுக்கு மேல் எட்டி மென்பொருளை ஓட்டினான். தரையிலிருந்து பவளத்தைப் பிரித்துக் காட்டத்தான் அதற்குத் தெரியும். தரையே இல்லை. 'பவளம்: 0' என்று காட்டியது.

"பாத்தியா, சாஃப்ட்வேரே சொல்லிடுச்சு," என்று அவன் அறிக்கையை அனுப்பினான்.

திரையில் கிளைகளெங்கும் பவளத்தின் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வாய்கள், வரப்போகும் வலையை இரையென்று நினைத்து, ஒவ்வொன்றாகத் திறந்தன.