பாலத்து கேமரா

"ஆத்தோர ரோடு வேணாம்டா, பாலத்துல ஏறு. நெட்டுல வர்ற டிராஃபிக் கேமராவுல காலியா இருக்கு," கார் ஸ்பீக்கர்ல அம்மா சொன்னாங்க.

புது வேலை, முதல் நாள். லேட்டா போகக்கூடாதேன்னு பதறிட்டே பையன் பாலத்துல ஏறினான். முன்னாடி ஒரு வண்டிகூட அசையல.

"இதுவாம்மா காலி?"

"ஜாம்னு தெரியும்டா. அதுக்குத்தான் உன்னை சீக்கிரமே கெளப்பி விட்டேன்."

"எதுக்கு?"

"ஓடுற வண்டிய எப்படி பாக்குறது? கண்ணாடிய இறக்கி கையை ஆட்டு. கடல் தாண்டி இங்க ஊர்ல சித்தி, மாமா எல்லாரும் அந்தக் கேமராவ டிவியில போட்டு முன்னாடிதான் நிக்கிறோம்."

ஆட்டினான். ஸ்பீக்கர்ல விசில் பறந்துச்சு.

"அந்தச் செவப்பு வண்டியா? உன் சொந்தக் காரா?" அப்பா குரல். காலமெல்லாம் அடுத்தவங்க காரை ஓட்டினவர்.

"ஆமாப்பா."



"அப்ப முன்வண்டிய ஏண்டா இப்படி ஒட்டி நிக்கிற? எடம் விட்டு நில்லு."