பாலத்தடியில் நிற்பவர்

கர்னல் ஆக்டேவியஸ் திரிங்கின் மீசையைத் தாங்கவே தனித் தூண் வேண்டும் என்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டம் முழுக்கச் சொல்வார்கள். விக்டோரியா மகாராணிக்காக இந்த ராணுவப் பொறியாளர் பாலம் கட்டாத ஆறு உலகத்தில் பாக்கியில்லை.

செங்கல் வளைவு இறுகும்வரை அதைத் தாங்கும் முட்டுமரங்களைத் தட்டி எடுக்கும்போது கட்டியவரே அடியில் நிற்க வேண்டும் என்பது வழக்கம். முதல் பாலத்தில் காய்ச்சலென்று பொய் சொல்லி, தன் படையிலிருந்த கார்ப்பரல் ஜெத்ரோவைத் தனக்குப் பதிலாக நிறுத்தினார். வளைவு இடிந்து ஜெத்ரோ செத்துப்போனான்.

அதன்பிறகு அவருடைய ஒவ்வொரு பாலத்தடியிலும் ஜெத்ரோ தவறாமல் வந்து நின்றான்.

மெட்வே ஆற்றில் கடைசிப் பாலம். கர்னல் தைரியமாகக் கீழே இறங்கினார். செங்கல் தூசியோடு ஜெத்ரோ நின்றிருந்தான்.

“இன்னிக்கு நான் நிக்கறேன். நீ போப்பா.”

“போன தடவையும் இதத்தான் சொன்னீங்க, ஐயா” என்று சிரித்தபடி இடம் விட்டான்.

மேலே சுத்தியல் ஒரு தட்டுத் தட்டியது. மண் உதிர்ந்தது. கர்னல் கரையேறிப் புதருக்குப் பின்னால் போய்விட்டார்.

“கர்னல் ஐயா, கீழ இருக்கீங்களா?” என்று மேஸ்திரி கத்தினார்.

“இருக்கேன், தட்டுய்யா!” என்றது கீழிருந்து கர்னலின் குரலேதான்.

வளைவு அசையாமல் நின்றது. “நம்ம கர்னல் சிங்கம்யா!” என்று கூட்டம் பாலத்தடியைப் பார்த்துக் கை தட்டியது. கூட்டத்தின் ஓரத்தில், தலையைக் குனிந்துகொண்டு, கர்னலும் கை தட்டினார்.