பிரேக்கில் காற்று

"அமுக்கு."

தினேயோ பிரேக் பெடலை மிதித்தாள்.

"அமுக்கிட்டேன்."

பின் சக்கரத்தின் பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடந்த அவள் கணவன் மொடிசா, பிரேக்கில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திருகித் திறந்தான். அவள் கால் மெல்ல அடிவரை இறங்கியது.

"சரி. விடு."

விட்டாள்.

"சே. மறுபடியும் காத்து. எங்கேயிருந்துதான் வருதோ."

வீட்டை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகை. வெயில் கூரையில் இறங்கிக் கொதித்துக்கொண்டிருந்தது. மதியத்திலிருந்து இருவருக்கும் இதே வேலை.

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. பிக்கப் வண்டிக்கு நீளமான ஸ்பிரிங் போட்டுத் தூக்கி நிறுத்தியாயிற்று. வயிற்றுக்கு அடியில் இரும்புத் தகடு. கவிழ்ந்தால் தலை நசுங்காமலிருக்க உள்ளே குழாய்க் கூண்டு. வண்டி உயர்ந்ததில் பிரேக் எண்ணெய் போகும் பழைய ஹோஸ் எட்டவில்லை. நீளமானதாக வாங்கி மாட்டியிருந்தான். ஹோஸை மாற்றினால் உள்ளே காற்று புகும். அதை வெளியேற்றாவிட்டால் பெடல் ஊறிய ரொட்டி மாதிரி இருக்கும். வண்டி நிற்காது.

பொழுது சாய்வதற்குள் வண்டி பரிசோதனைத் திடலில் நிற்க வேண்டும். பிரேக் பிடிக்காத வண்டியை நாளைய பாலைவனப் பந்தயத்தில் விடமாட்டார்கள்.

ஓட்டப்போகிறவன் மொடிசாவின் அண்ணன் லெட்சோலோ. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லப்போகிறவன் மொடிசா.

போன வருடமும் அப்படித்தான் போனார்கள். கலஹாரி மணல்மேட்டில் வண்டி குட்டிக்கரணம் போட்டது. அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மொடிசாவின் இடது கை இன்னும் தோளுக்கு மேலே போவதில்லை.

போகாதே என்று தினேயோ சொல்லவில்லை. அவளால் சொல்ல முடியாது. மாமனார் இறந்த பிறகு, தகப்பன் இடத்தில் நின்று, அவளைப் பெண் கேட்டு அவள் அப்பா வீட்டுப் பட்டிக்குப் பரிசமாக மாடுகளை ஓட்டி வந்தவன் லெட்சோலோ. அந்த மாடுகளால் இந்த வீட்டுக்கு வந்தவள் அவனை எதிர்த்து வாயைத் திறந்தால், மோலெபோலோலே ஊர் முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும்.

மொடிசாவோ ஒரு மாதமாக இந்த வண்டியோடுதான் குடித்தனம் நடத்துகிறான். சீழ்க்கையடித்தபடியே வேலை செய்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால்கூட ஸ்பேனரோடு வருகிறான். அவ்வளவு ஆசை அவனுக்கு. அவனிடம் எதைச் சொல்வது?

அவளால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

அவன் 'சரி' சொல்வதற்குச் சற்று முன்பாக, ஒரு நூல் அளவு, காலைத் தூக்கினாள். நிப்பிள் மூடுவதற்குள் வெளிக்காற்று உள்ளே போயிருக்கும்.

மதியத்திலிருந்து இப்படித்தான் தூக்கிக்கொண்டிருக்கிறாள். கண்டுபிடித்துவிட்டால்? கண்டுபிடிக்காமலே எப்படியாவது காற்று போய்த் தொலைந்துவிட்டால்?

"கொக்கோ" என்று உள்ளே வர அனுமதி கேட்கும் குரல் வாசலில் கேட்டது. பதிலுக்கு நிற்காமல் லெட்சோலோ உள்ளே வந்துவிட்டான்.

"என்னடா, இன்னும் பிரசவம் ஆகலையா? அங்கே எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க."

"பின் பிரேக்ல காத்து போகமாட்டேங்குதுண்ணே."

"எனக்குப் பிரேக்கே வேண்டாம்டா. அந்தப் பரிசோதனைக்காரங்களுக்குத்தான் வேணும்." வண்டிக் கதவைத் திறந்து பிடித்தான். "நீ இறங்கும்மா தினேயோ. பூனை நடக்கிற மாதிரி மிதிச்சா காத்து எப்படிப் போகும்?"

இறங்கினாள். வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

இவன் ஒழுங்காக மிதிப்பான். ஒழுங்காக விடுவான். கொஞ்ச நேரத்தில் காற்று போய்விடும், பெடல் கல்லாகிவிடும். இவ்வளவு நேரம் காற்று எங்கிருந்து வந்தது என்பது அப்போது இரண்டு பேருக்குமே புரிந்துவிடும்.

வண்டியும் பந்தயத்துக்குப் போய்விடும்.

"அமுக்குங்கண்ணே."

"அமுக்கியாச்சு."

"சரி. விடுங்க."

தினேயோ கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் இருக்குண்ணே" என்றது மொடிசாவின் குரல்.

லெட்சோலோ மறுபடி மிதித்தான். மறுபடியும். பெடல் கெட்டிப்படவே இல்லை. லெட்சோலோவின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

"கீழே படுத்துக்கிட்டு என்னதான்டா பண்றே? இரு, நானே வந்து பாக்கிறேன்."

அவன் ஒரு காலை வெளியே வைத்துவிட்டான்.

"நீங்க மிதிங்க" என்றாள் தினேயோ. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "நான் பாக்கிறேன்."

பின் சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்தாள்.

மூடியிருக்க வேண்டிய நிப்பிள் திறந்தே இருந்தது. ஸ்பேனர் தரையில் கிடந்தது. நிப்பிளில் செருகிய சின்னக் குழாயின் மறுமுனை பாட்டிலில், காற்று புகாதபடி எண்ணெய்க்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். அது வெளியே இருந்தது. மொடிசாவின் இரண்டு விரல்களுக்கு நடுவே, காற்றில்.

மொடிசா அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் இத்தனை பயத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"என்னம்மா, ஏதாவது தெரியுதா?" மேலேயிருந்து லெட்சோலோ கேட்டான்.

அந்த விரல்களிலிருந்து குழாயை மெல்ல வாங்கி, தான் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா, காத்து நிறைய இருக்கு" என்றாள். "இன்னொரு தடவை மிதிங்க."