முன்னால் ஓடு, பின்னால் போடு

“ரக்பின்னு ஒரு ஆட்டம் கீது, கேள்விப்பட்டிருக்கீங்களா?”

பெண் பார்க்க வந்த சுபாஷ் இப்படிக் கேட்டதும் மஞ்சுளா அம்மா இருந்த பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசல். சாமி கும்பிட்டாயிற்று. பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, “அஞ்சு நிமிஷம் பேசிட்டு வாங்க” என்று இருவரையும் தள்ளி அனுப்பியிருந்தார்கள். பேச ஊரில் எத்தனையோ இருக்க, இவன் எங்கே வந்து கை வைக்கிறான்!

வரும்போதே ஆட்டோவில் அம்மா முனியம்மாள் தொடையைக் கிள்ளிச் சொல்லியிருந்தாள். “ஏற்கெனவே ரெண்டு இடம் உன் ஆட்டத்தாலதான் தட்டிப்போச்சு. இன்னிக்கு அந்தப் பேச்சு வெளிய வந்துச்சு, அத்தோட பந்தும் கெடையாது, கிரவுண்டும் கெடையாது. ஆமா!”

அம்மா சொன்னால் செய்கிறவள். மஞ்சுளா ஆடும் ரக்பிக்கோ அடுத்த மாதம் மாநில டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் வாரம் பூரா கால் கடுக்க நிற்பதே ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானத்தில் ஓடத்தான்.

“தெரியாதுங்க” என்றாள், தரையைப் பார்த்து.

“ஐய, செமையா இருக்கும்!” சுபாஷுக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. “தலைக்கு ஹெல்மெட்டு, தோளுக்கு இம்மாந்தண்டி பட்டை. ரெண்டு லாரி முட்டிக்கிற மாதிரி முட்டிக்குவாங்க!”

ஹெல்மெட்டா? மஞ்சுளா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ஒருத்தன் பந்தை எடுத்து முன்னால வுடுவான் பாருங்க, ராக்கெட்டு! அந்தாண்ட ஓடறவன் லபக்குனு புடிப்பான்.”

முன்னாலயா? புடவைத் தலைப்பை முறுக்கினாள்.

“புடிச்சவனைச் சாய்ச்சுட்டா விசில். எல்லாம் நின்னுடும். மூச்சு வாங்கிட்டு, மறுபடி வரிசை கட்டி நின்னு...”

“நிக்காதுங்க!”

வாய் முந்திக்கொண்டது. இனி அடக்க முடியவில்லை.

“நீங்க சொல்றது அமெரிக்காக்காரன் ஆடறது. அமெரிக்கன் ஃபுட்பால். ரக்பி வேற. இதுல கீழ சாய்ச்சுட்டா பந்தை வுட்டுடணும், அவ்ளோதான். ஆட்டம் அதுபாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். எங்க கம்பெனில ஓடற லைன் மாதிரி, யாருக்கோசரமும் நிக்காது. அப்புறம், கையால முன்னால வீசவே கூடாது. பின்னாலதான் போடணும்!”

“பின்னால போட்டுகினே எப்படிங்க முன்னால போறது? ரிவர்ஸ் கியர்லயே திருப்பதி போற மாதிரி கீதே!”

அவன் சிரித்த சிரிப்புதான் அவளைக் கெடுத்தது. அர்ச்சனைக் கூடையில் மீதியிருந்த தேங்காயை எடுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள்.

“இதான் பந்து. நான் முன்னால ஓடுவேன். நீங்க பின்னால, கொஞ்சம் சைடுல வாங்க. வாங்கன்றேன்!”

ஓடினாள். சுபாஷும் செருப்பை உதறிவிட்டு ஓடினான்.

“எதிர்ல அந்தப் புளியமரம் கீதே, அவன்தான் என்னைப் புடிக்க வர்றவன். மாட்டப்போறேன். இந்தாங்க... புடிங்க!”

பின்பக்கமாக விசிறினாள். நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டான்!

“ஓடுங்க! விசிலுக்கெல்லாம் காத்துகினு நிக்காதீங்க! அந்தக் கோலத்தைத் தாண்டுங்க!”

பூக்கடைக்காரம்மா கோலத்தை ஒரே தாண்டாகத் தாண்டினான் சுபாஷ். தாண்டியதும் தேங்காயை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, “கெலிச்சாச்சு!” என்று கத்தினான்.

“இன்னும் இல்ல! கீழ வைங்க! கோட்டைத் தாண்டினா அமெரிக்காக்காரனுக்குத்தான் பாயின்ட்டு. நாம தரையில அமுக்கணும். அமுக்குங்க!”

அவன் முழித்தான். வந்த வேகத்தில் மஞ்சுளா அவன் கையோடு சேர்த்துத் தேங்காயை இழுத்துத் தரையில் அமுக்கினாள். இருவரும் மண்ணில் விழுந்தார்கள். தேங்காய் பிளந்து தண்ணீர் ஓடியது.

“இப்பதான் பாயின்ட்டு!” என்று மூச்சிரைக்க நிமிர்ந்தாள்.

எதிரே இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வரிசையாக நின்றார்கள்.

“பாவி! கெடுத்தியேடி!” முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அவளுக்கு ஆட்டமெல்லாம் தெரியாது. எங்கியோ டிவியில பார்த்துட்டு...”

முடிந்தது. இந்த இடமும் போயிற்று, பந்தும் போயிற்று. மஞ்சுளாவுக்குக் கண் கலங்கியது.

சுபாஷ் எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

“இவங்க ஆடுவாங்கன்னு எனக்குத் தெரியும்மா. போன மாசம் எங்க கம்பெனி எதிர் கிரவுண்டுல இவங்க ஆடறதைப் பார்த்துட்டுத்தான் தரகரையே உங்க வூட்டுக்கு அனுப்புனேன். இன்னா ஆட்டம்னு புரியல. போன்ல தேடினா அந்த அமெரிக்கா ஆட்டம்தான் வந்து நின்னுச்சு.”

மஞ்சுளா பக்கம் திரும்பித் தலையைச் சொறிந்தான்.

“ஹெல்மெட் வாங்க வழியில்லாமதான் வெறுந்தலையோட ஆடறீங்கன்னு நெனைச்சுட்டேங்க. உங்க டீம் மொத்தத்துக்கும் வாங்கி, நாங்க வந்த வேன்ல வெச்சிருக்கேன். இப்ப அதை இன்னா பண்றது?”